வீட்டு போக்கர் மேசைக்கு எந்த பிளாஸ்டிக் சீட்டு வாங்குவது?

கேள்வி இதுதான்: சனிக்கிழமை தோறும் ஏழெட்டுப் பேர் வீட்டில் கூடி டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடுகிறார்கள், எப்போதாவது ஒமாஹா என்ற இன்னொரு வகை. காகிதக் கட்டு ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. இணையத்தில் தேடினால் 'நூறு சதவீதம் பிளாஸ்டிக்' என்ற பெயரில் முந்நூறு ரூபாய்க்கும் கட்டு இருக்கிறது, மூவாயிரத்துக்கும் இருக்கிறது. எதை வாங்குவது, எந்த அளவு, எத்தனை கட்டு, எப்படி வைத்துக்கொள்வது?

நேரம் இல்லாதவர்களுக்கு முதலில் விடை. பிரிட்ஜ் அகலம் (குறுகலான சீட்டு), பெரிய மூலை எண், சிவப்பும் நீலமும் போல் எட்ட இருந்தே வேறுபாடு தெரியும் இரண்டு கட்டுகள் சேர்ந்த ஒரு ஜோடி. கோபாக் பிராண்டு வாங்கினால் போதும். கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் கெம். கூடவே கட்டின் அடிச் சீட்டை மறைக்கும் வெறும் அட்டையான கட் கார்டு இரண்டு. மேசை மேல் விரிக்க ஒரு துணி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் விலை உயர்ந்த சீட்டு வாங்குவது வீண். காரணங்களைத் தெரிந்துகொண்டால் இந்த பிராண்டு கிடைக்காதபோதும் சரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் கீழே விரிவாக.

சீட்டுக் கட்டின் வேலை ஒன்றே ஒன்று. கவிழ்த்து வைத்தால் 52 சீட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். காகிதச் சீட்டு தேய்கிறது, அழுக்காகிறது என்பதைக்கூட மன்னித்துவிடலாம். அது எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை என்பதுதான் சிக்கல். ஹோல்டத்தில் கைக்கு இரண்டு சீட்டு. மட்டமான 7-2 வந்தால் ஆட்டக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு உடனே தள்ளிவிடுகிறார். ஏஸும் ராஜாவும் வந்தால் கடைசி வரை வைத்திருக்கிறார். நடுவில் மூன்று பொதுச் சீட்டு, அதாவது ஃப்ளாப், விழுந்ததும் மூலையைத் தூக்கிப் பார்க்கிறார், நான்காவது சீட்டான டர்னுக்கு ஒருமுறை, ஐந்தாவதான ரிவருக்கு ஒருமுறை. ஆகவே உயர்ந்த சீட்டுகளின் மூலைதான் அதிகம் மடிகிறது. நாலைந்து வாரம் ஆன காகிதக் கட்டை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள்: மூலையில் நகத்தடம் பதிந்த சீட்டுகளை ஒதுக்கிப் புரட்டினால் ஏஸ்களும் ராஜாக்களும் கணக்குக்கு மிஞ்சி வரும். ஏமாற்ற நினைக்காத மனிதர் கண்ணிலும் அது பட்டுவிடும். பட்ட பிறகு பார்க்காதது போல் ஆட முடியாது. நல்ல பிளாஸ்டிக் சீட்டு வளைந்த இடத்திலிருந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குத்தான் அந்த விலை.

ஓர் இரவில் ஒரு கட்டு எவ்வளவு அடி வாங்குகிறது என்று கணக்குப் பார்த்தாலும் இது விளங்கும். வீட்டு ஆட்டத்தில் மணிக்கு 25 கை (ஒருமுறை சீட்டு போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் 100 கை. ஒவ்வொரு கைக்கும் நான்கு முறை ரிஃபில் செய்தால், அதாவது கட்டை இரண்டாகப் பிரித்து மூலைகளைக் கோத்துக் கலைத்தால், 400 ரிஃபில். இரண்டு கட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றுக்கு 200. எந்தக் காகிதக் கட்டும் இதை வாரா வாரம் தாங்காது.

இனி பெயர்க் குழப்பம். 'பிளாஸ்டிக் கோட்டட்' என்று பெட்டியில் இருந்தால் அது காகிதச் சீட்டு. மேலே மெல்லிய பூச்சு மட்டும் உண்டு. பைசிக்கிள் பிராண்டின் பரவலான சிவப்பு, நீலக் கட்டுகளும் பூச்சு ஏற்றிய காகிதம்தான். கையில் அருமையாக நகரும். ஆனால் ஓரத்தில் ஈரம் பட்டால் ஊறிவிடும். அதே பிராண்டின் பிரஸ்டீஜ் என்ற வரிசை முழு பிளாஸ்டிக். பெட்டியில் '100 சதவீதம் பிளாஸ்டிக்' என்ற சொற்கள் இருக்க வேண்டும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

முழு பிளாஸ்டிக்கில் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று பிவிசி. கோபாக், இத்தாலியின் மொடியானோ, டால் நெக்ரோ போன்றவற்றின் பெரும்பாலான வரிசைகள் இந்த வகை. தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது. வழவழப்பு கூடுதல். புதிதாக இருக்கும்போது குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டும். இன்னொன்று செல்லுலோஸ் அசிட்டேட், மரக்கூழிலிருந்து வரும் பொருள். கெம் சீட்டு இதில்தான் செய்யப்படுகிறது. தொட்டால் மென்மையாக, துணி நெசவு போன்ற மேற்பரப்போடு இருக்கும். விரலில் பிடிமானம் நன்றாகக் கிடைக்கும், ரிஃபில் செய்தால் சத்தமும் அடக்கமாக வரும். அசிட்டேட் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். காகிதம் அளவுக்கு இல்லை என்றாலும், கடலோர ஊர்களில் திறந்த பெட்டியில் வாரக்கணக்கில் விட்டால் லேசாக வளைவு விழும். பெட்டியில் இறுக்கமாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டில் எது? இரண்டையும் ஆடிப் பார்த்தவர்களில் பலர் கெம் பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் வீட்டு ஆட்டத்தில் கலைப்பவர் வாரம் ஒருவர். பாதிப் பேருக்கு ரிஃபில் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும். சீட்டு தரையில் விழும், மிக்ஸர் கையோடு தொடப்படும். அந்த நிலையில் முதல் ஜோடிக்கு பிவிசி போதும். நன்றாகக் கழுவலாம், விலை குறைவு, கெட்டாலும் மனம் நோகாது. ஒரு வருடம் ஆடி எல்லோருக்கும் கை பழகிய பிறகு கெம் வாங்குவது பணத்துக்கு நியாயம்.

நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக. கோபாக் 1908-ல் பிரேசிலில் தொடங்கியது. வீட்டு ஆட்டங்களில் அதிகம் காணப்படுவது அதன் 1546 வரிசை. கெம் அமெரிக்க நிறுவனம். 2004-ல் பைசிக்கிள் தயாரிக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் ப்ளேயிங் கார்டு நிறுவனத்திடம் போனது. அந்த நிறுவனத்தையே 2019-ல் பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி வாங்கியது. கோபாக்கும் கார்ட்டாமுண்டியின் கீழ்தான் இருக்கிறது. ஆக, போட்டி பிராண்டுகள் என்று நாம் ஒப்பிடுபவற்றில் பல இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். இத்தாலியின் ட்ரியஸ்தே நகரில் 1868-ல் தொடங்கிய மொடியானோவின் சீட்டு சற்றுத் தடிமன், வழுக்கல் அதிகம். அதன் கிறிஸ்டாலோ வரிசையில் நான்கு மூலையிலும் எண் இருக்கும். அழகாக இருக்கும், ஆனால் ரிஃபில் பழகாத கைக்கு முதல் கட்டாக அதைச் சொல்ல மாட்டேன். ஸ்பெயினின் ஃபூர்னியே கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

முந்நூறு ரூபாய்க் கட்டுகளில் ஒரு வகையை மட்டும் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுங்கள்: தங்க நிறத்தில் மின்னும் '24 காரட்' சீட்டுகள். பரிசாகக் கொடுக்க நன்றாக இருக்கும். ஆடுவதற்கு ஆகாது. படலம் மெல்லியது, எழுத்து புடைத்திருப்பதால் அடுக்கு சமமாக உட்காராது, விளக்கொளி பட்டால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு எண்ணே தெரியாது. கட்டை மேசையில் வைத்து லேசாகத் தட்டினாலே சரிந்து பரவும்.

மற்ற மலிவுக் கட்டுகளிலும், பெரிய பிராண்டின் பெயரில் சந்தேகப்படும் விலைக்கு வருபவற்றிலும், கையில் வந்தவுடன் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் செய்வது முக்கியம். சோதனைக்கு ஜோக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். போக்கருக்கு அது தேவையில்லை.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். காகிதச் சீட்டு இரண்டு தாள்களை நடுவில் பசை வைத்து ஒட்டியது. உற்றுப் பார்த்தால் நடுவில் கருமையான கோடு தெரியும். முழு பிளாஸ்டிக்கில் ஓரம் ஒரே பொருளாக இருக்கும். அடுத்து, ஜோக்கரின் ஓரத்தை ஒரு கிண்ணத் தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து எடுங்கள். ஊறித் தடித்தால் காகிதம். பிறகு அதைத் துடைத்து, இரண்டு குறுகிய முனைகளும் கிட்டத்தட்டத் தொடும் அளவுக்கு மெதுவாக வளைத்து விடுங்கள். நல்ல சீட்டு உடனே நேராகும். மட்டமான பிவிசியில் வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடுதான் பின்னாளில் விரிசல்.

அடுத்தது ஒளி ஊடுருவும் சோதனை. இதைப் பலரும் செய்வதே இல்லை. ஸ்பேட் பத்தையும் ஏதாவது ஒரு ராஜாவையும் எடுத்து, பின்பக்கம் உங்களைப் பார்க்க டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். முன்பக்கத்தின் நிழல் தெரிந்தால் அந்தக் கட்டு வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக்கில் இந்தக் குறை சகஜம். மேசைக்கு நேர் மேலே விளக்கு தொங்கும் வீட்டில், சீட்டு போடுபவரின் கையிலிருந்து பறக்கும் நொடியிலேயே சிவப்பா கறுப்பா என்று தெரிந்துவிடும்.

மை ஒட்டியிருக்கிறதா என்பதற்கு, ஈரத் துணியில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு ஜோக்கரை இருபது முறை தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் இரண்டு மாதத்தில் எண்கள் மங்கிவிடும்.

கடைசியாகப் பின்பக்கச் சோதனை. முழுக் கட்டையும் பின்பக்கம் உங்களைப் பார்க்க ஒரு கையில் பிடித்து, கட்டை விரலால் சீட்டுகளை வேகமாக ஒவ்வொன்றாக விடுங்கள், பிள்ளைகள் நோட்டுப் புத்தக ஓரத்தில் படம் வரைந்து ஓட விடுவது போல. எல்லாம் சரியாக அச்சாகி வெட்டப்பட்டிருந்தால் படம் அசையாமல் நிற்கும். கோலம் குதித்தால், ஓரக்கட்டு ஒருபக்கம் அகன்று ஒருபக்கம் குறுகினால், வெட்டு சரியில்லை. பிறகு பாதிக் கட்டைத் தலைகீழாகத் திருப்பி மற்றப் பாதியோடு கலந்து மறுபடி விட்டுப் பாருங்கள். இப்போது படம் ஆடினால் பின்பக்கக் கோலம் இரு திசையிலும் சமம் இல்லை என்று பொருள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகறிந்த வழக்கே இருக்கிறது. 2012-ல் லண்டனின் க்ராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் போக்கர் வீரர் ஃபில் ஐவி பூன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டத்தில் சுமார் 77 லட்சம் பவுண்டு வென்றார். சீட்டில் யாரும் குறி வைக்கவில்லை. பின்பக்கக் கோலம் ஒரு நீள ஓரத்தில் ஒரு மாதிரியும் மறு ஓரத்தில் மயிரிழை வித்தியாசத்திலும் முடிந்தது. முக்கியமான சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி சீட்டு போடுபவரைக் கேட்டுக்கொண்டதில், அடுத்த சுற்றில் கவிழ்ந்த நிலையிலேயே அவை அடையாளம் தெரிந்தன. விடுதி பணம் தர மறுத்தது. 2017-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் விடுதியின் பக்கமே தீர்ப்பளித்தது. அச்சுத் தொழிலின் ஒரு சிறு பிசகு அவ்வளவு தூரம் போகும். வீட்டில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள் என்று இருந்தாலும், சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்ட, நடுவில் கோலம் உள்ள பின்பக்கம் வாங்குவது நல்லது. வெள்ளை ஓரத்தின் அகலத்தை ஒப்பிட்டு வெட்டுப் பிசகைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஓரம் வரை கோலம் ஓடும் வகையில் பிசகு ஒளிந்துகொள்ளும். ஒற்றைப் படம், ஊர்க்காட்சி, நிறுவன முத்திரை நேராக அச்சிட்ட சீட்டுகளுக்கு மேல் கீழ் உண்டு என்பதால் அவை எந்த விலைக்கும் வேண்டாம்.

அளவு விஷயத்தில் பெயர் ஏமாற்றும். போக்கர் அளவு என்பது சுமார் 63 மி.மீ. அகலம், பிரிட்ஜ் அளவு 57 மி.மீ.; உயரம் இரண்டுக்கும் சுமார் 88 மி.மீ. போக்கர் ஆடுவதற்குப் போக்கர் அளவுதான் வேண்டும் என்பதில்லை. பல போக்கர் அறைகளில் பிரிட்ஜ் அகலத்தையே பயன்படுத்துகிறார்கள். ஆறு மில்லிமீட்டர் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கலைப்பவரின் உள்ளங்கை சிறியதாக இருந்தால் அதுதான் ரிஃபில் அடங்குவதையும் சிதறுவதையும் தீர்மானிக்கிறது. ஒமாஹாவில் நான்கு சீட்டை ஒரு கையில் விரித்துப் பிடிக்கவும் குறுகல்தான் வசதி. எல்லோருக்கும் கை பெரிது, ஹோல்டம் தவிர வேறு ஆடுவதில்லை என்றால் போக்கர் அளவு பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஒன்று மட்டும்: வாங்கும் இரண்டு கட்டும், கட் கார்டும் ஒரே அளவில் இருக்கட்டும்.

மூலை எண்ணில் சாதாரணம், பெரிது என்று இரண்டு. ஹோல்டத்தில் நடுவில் விழும் ஐந்து சீட்டை எட்டாவது நாற்காலியில் இருப்பவரும் படிக்க வேண்டும். ஆறடி சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில், மங்கிய விளக்கில், சாதாரண எண் உள்ள ஹார்ட்டின் ஆறையும் எட்டையும் குழப்பிக்கொள்வது வாரம் ஒருமுறையாவது நடக்கும். ஆகவே பெரிய எண். நாற்பது தாண்டியவர்கள் இருவர் இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம். நான்கு மூலையிலும் எண் உள்ள வகையில் ஒரு சங்கடம் உண்டு. மூலையை எந்தப் பக்கம் தூக்கினாலும் எண் தெரியும் என்பதால், கவனம் இல்லாமல் தூக்குபவரின் சீட்டு பக்கத்து நாற்காலிக்கும் தெரிந்துவிடும். ஸ்டட் என்ற போக்கர் வகை ஆடுபவர்கள், பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி உட்காருபவர்கள் இரண்டு மூலை எண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம். டைமண்டை நீலமாகவும் கிளாவரைப் பச்சையாகவும் அச்சிட்ட நான்கு நிறக் கட்டு ஒமாஹாவில் ஃப்ளஷை (ஐந்து சீட்டும் ஒரே வகை) தவறாகப் படிப்பதைக் குறைக்கும், ஹோல்டத்துக்கு அவசியமில்லை.

இரண்டு கட்டு ஏன்? ஒன்றைப் போட்டு ஆடும்போதே மற்றதை இன்னொருவர் கலைத்து வைக்கிறார். கை முடிந்ததும் காத்திருக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய பயன், கலைப்பவருக்கு அவசரம் இல்லை. கணிதவியலாளர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-ல் வெளியிட்ட கட்டுரை, 52 சீட்டு நன்றாகக் கலைய ஏழு ரிஃபில் வேண்டும் என்று காட்டியது. ஒரே கட்டு என்றால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஏழு முறை யார் கலைப்பார்கள்? இரண்டு நிமிடம் கையில் இருந்தால் ஏழும் ஆகும். கட்டுகளின் நிறம் எட்ட இருந்தே வேறாகத் தெரிய வேண்டும். கருநீலமும் பச்சையும் ஜோடியாக வாங்கினால் மஞ்சள் விளக்கில் ஒரு சீட்டு மாறிப் போனது அரைமணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

இந்த ஜோடியை வைத்தே ரம்மியும் ஆடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 13 சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். பின்பக்க நிறம் வேறாக இருப்பதால் அது ஆகாது. ரம்மியும் உண்டு என்றால் ஒரே நிறத்தில் இரண்டு கட்டு வரும்படி இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்; சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு. ஜோக்கர் சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். சில போக்கர் கட்டுகளில் ஜோக்கர் இருக்காது.

மேசைக்கு வருவோம். கண்ணாடி மேசையிலும் சன்மைக்கா ஒட்டிய மேசையிலும் பிளாஸ்டிக் சீட்டு மூன்று தொல்லை தரும்: போட்டால் வழுக்கிக் கீழே போகும், தட்டையாக ஒட்டிக்கொண்டு எடுக்க வராது, எடுக்க நகத்தை நுழைத்தால் ஓரத்தில் சில்லு பெயரும். நியோப்ரீன் ரப்பர் விரிப்பு 3 மி.மீ. தடிமனில் இருந்தால் போதும். அது இல்லாவிட்டால் தடித்த போர்வையை இழுத்து விரித்து, அதன் மேல் சுருக்கம் இல்லாமல் ஒரு பருத்தித் துணியைக் கட்டிவிடலாம். தரையில் உட்கார்ந்து ஆடினால் ஜமுக்காளம் அருமையாகப் பயன்படும். ஆனால் அதில் ஒட்டிய மணல் சீட்டின் முகத்தைக் கீறும். உதறி விரித்து, மேலே ஒரு போர்வை போடுங்கள். அடியில் மென்மை இருந்தால்தான் விரல் நுனியால் அழுத்திச் சீட்டை எடுக்க முடியும். நகத்துக்கு வேலை வராது.

கலைப்பதிலும் பிளாஸ்டிக்குக்கு வேறு பழக்கம் வேண்டும். கையில் வைத்து அள்ளி அள்ளிப் போடும் நம் வழக்கமான கலைப்பில் புதுப் பிளாஸ்டிக் நழுவும், சீட்டின் முகமும் அடிக்கடி தெரியும், கலைவதும் குறைவு. மேசையில் வைத்தே செய்யுங்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, குறுகிய பக்கங்களை எதிரெதிரே வைத்து, பெருவிரலால் மூலைகளை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தூக்காமல் கோத்து விடுங்கள். கட்டை உயரத் தூக்கி வில்லாய் வளைத்து மழை போல் பொழியும் வித்தையைத் தவிர்த்தால் சீட்டின் ஆயுள் இரட்டிப்பாகும் என்றே சொல்வேன். இரண்டு ரிஃபில், பிறகு மேலிருந்து நாலைந்து கொத்தாக எடுத்து மேசையில் அடுக்குவது, மறுபடி ரிஃபில். முடிந்ததும் அடுத்தவர் கட் கார்டு மேல் வெட்டி வைக்கிறார். அந்த வெறும் பிளாஸ்டிக் அட்டை கட்டின் அடிச் சீட்டை மறைக்கிறது. அது இல்லாமல் ஆடும் மேசையில், சீட்டு போடுபவர் கையைச் சற்றுத் தூக்கினால் எதிர்ப்பக்கம் இருப்பவர் அடிச் சீட்டைப் படித்துவிடுவார். எத்தனையோ வீடுகளில் இது யாரும் கவனிக்காமல் நடக்கிறது.

எப்போதும் ஒரே திசையில் வளைத்துக் கலைப்பதால் கட்டுக்கு வளைவு விழும். மேசையில் வைத்துக் கண் மட்டத்தில் பாருங்கள்; நடுவில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் சரிசெய்ய வேண்டும். முழுக் கட்டையும் எதிர்த்திசையில் மெதுவாகச் சிலமுறை வளைத்து, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் நேராகும். பாதிக் கட்டைக் கவிழ்த்து எதிரெதிராக அடுக்கி வைப்பது இன்னும் வேகம். ஒரே ஒரு சீட்டு மட்டும் வளைந்திருந்தால் அதைத் தனியாக விடாமல் அன்றே கவனியுங்கள். கட்டில் அது நிற்கும் இடத்தில் மெல்லிய கீறல் போல் இடைவெளி தெரியும், வெட்டும்போது விரல் தானாக அங்கே போகும்.

வெப்பம் இதைவிட மோசம். வெயிலில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். நண்பர் வீட்டு ஆட்டத்துக்கு எடுத்துப் போன கட்டை ஒரு மதியம் டாஷ்போர்டில் விட்டால், அலை அலையாய் நெளிந்த சீட்டு கிடைக்கும்; அதைப் புத்தகம் வைத்தும் நிமிர்த்த முடியாது. வெந்நீரும் அதே வேலையைச் செய்யும்.

கழுவுவது எளிது, ஆனால் முறை உண்டு. கைக்கு இதமான வெதுவெதுப்புக்கு மேல் போகாத ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் மூன்று நான்கு துளி. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, சீட்டை ஒவ்வொன்றாக இரு பக்கமும் துடையுங்கள். வெறும் தண்ணீரில் பிழிந்த இன்னொரு துணியால் சோப்பை எடுங்கள்; சோப்புப் படலம் தங்கினால் காய்ந்த பிறகு பிசுபிசுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் துண்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம். வெயிலில் வேண்டாம். ஈரத்தோடு அடுக்கினால் இரண்டு சீட்டு ஒன்றாக ஒட்டி, அடுத்த வாரம் ஒருவருக்கு மூன்று சீட்டு போய்விடும். ஒரு கட்டைத் துடைக்க இருபது நிமிடம் ஆகும். நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். நிலைமின்சாரத்தால் ஒட்டும் புதுக் கட்டுக்கும் இதே ஈரத்துணி மருந்து.

நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. செல்லுலோஸ் அசிட்டேட்டை அது கரைத்துவிடும். கெம் சீட்டில் ஒரு துளி பட்டாலும் அந்த இடம் குழையும். பிவிசியையும் கெடுக்கும். சானிடைசர், ஸ்பிரிட் வகைகள் அச்சு மையை மங்கச் செய்யலாம். சானிடைசர் தடவிய கை உலர்ந்த பிறகு சீட்டைத் தொடட்டும். வழுக்கலுக்காக டால்கம் பவுடர் போடும் பழக்கம் முதல் அரைமணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு வியர்வையோடு சேர்ந்து பசையாகி ஓரங்களில் கருப்பாகப் படியும்.

தீனி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. பஜ்ஜி எண்ணெயைக் கழுவி எடுத்துவிடலாம். மஞ்சள் தூள் சேர்ந்த மசாலாக் கடலைதான் எதிரி. வெள்ளை முகத்தில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கு முழுதாகப் போகாது. பின்பக்க வெள்ளை ஓரத்தில் பட்டால் அந்தச் சீட்டு அன்று முதல் குறி வைத்த சீட்டு. கிண்ணத்தில் கரண்டி போட்டு, தீனியைத் தனி ஸ்டூலில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு சீட்டு தொலைந்தாலோ சில்லு பெயர்ந்தாலோ என்ன செய்வது? அதே மாதிரி இன்னொரு புதுக் கட்டிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம் என்று தோன்றும். பழைய கட்டில் புதுச் சீட்டு பளபளப்பாலேயே காட்டிக்கொடுக்கும். வேறு தொகுதியில் அச்சானது என்றால் சிவப்பின் ஆழமும் மாறும். தேய்வு ஒரே அளவில் உள்ள பழைய கட்டிலிருந்து எடுத்தால் மட்டுமே பொருந்தும். அதனால் முதல் கட்டு ஓய்வு பெறும்போது தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள். அதே மாதிரி அடுத்த கட்டு அதே வயதை எட்டும்போது உதிரியாகும்.

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கட்டையும் வகைக்கு 13 வீதம் நான்கு வரிசையாக முகம் தெரிய விரித்து எண்ணிக்கொள்ளுங்கள், பிறகு கவிழ்த்து ஒருமுறை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்வது நல்லது. பெட்டியின் உள்மூடியில் வாங்கிய தேதியையும், கழுவிய தேதிகளையும் பென்சிலில் குறித்து வைத்தால், அடுத்த முறை வாங்கும்போது எந்தக் கட்டு எத்தனை ஆட்டம் தாங்கியது என்பது உங்கள் கையிலேயே இருக்கும்.